என்னைத் திட்டும் பாட்டு

12-6-98, வெள்ளி

இன்று பெருநகர் ஊருக்குப் போகும் பஸ்ஸிலும் அந்தப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். நான் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, என் வீட்டுக்காரர் குடித்துவிட்டு, பாய் கேசட் கடையில் அழுதுகொண்டே பாடிப் பதிந்த பாட்டு. இப்போது ஒயின்ஷாப்புக்கு ஒயின்ஷாப் அதுதான் ஓடுகிறது. நான் ஏன் போனேன் என்று மட்டும் அதில் ஒரு வரிகூட இல்லை.

பக்கத்து சீட்டுக்காரி கண்ணைத் துடைத்தாள். "ஆம்பளய இப்டி அய வுட்டுட்டுப் போய்க்கீறாளே, இன்னா பொம்பள அவ!"

"அவ திரும்பி வந்துட்டாக்கா" என்றேன். அவள் நம்பவில்லை.

சாயங்காலம் இவரிடம் கேட்டேன். "நான் வந்ததயும் ஒரு பாட்டா கட்டேன்யா."

பூண்டு உரித்துக்கொண்டே சொன்னார். "நீ வந்தப்றம் எனக்குப் பாட்டே வர்லியே, இன்னா பண்ண?"

இந்த மனுஷனிடம் இனி எப்படிக் கோபித்துக்கொண்டு போவது?