புகைக்கு ஒரு வழி

அக்கா,

பாளையம்பட்டியில் பஸ்ஸுக்கு நின்றபோது எதிர்க்கடை வாசலில் புகைபோக்கிக் குழாய்களைச் சாத்தி வைத்திருந்தார்கள். பார்த்ததும் உங்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. இன்னும் கொஞ்ச காலம் இருந்தால்தான் என்னவாம்?

நம் வீட்டு அடுப்படியை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பழைய காலத்து வீடு என்று ஊரெல்லாம் பெருமை. அடுப்படிக்கு மட்டும் ஒரு சன்னல் கிடையாது. மூத்த மருமகளாக நீங்களும், இளையவளாக நானும் சீமைக்கருவேல விறகை ஊதியே காலத்தைக் கழித்தோம். நீங்கள் இருமினால் வீட்டு முன்பக்கம் நம் கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இனியும் புகையில் நின்றால் நெஞ்சு தாங்காது என்று விருதுநகர் டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கே வீட்டில் புகையில்லா அடுப்புப் பேச்சை எடுத்தீர்கள்.

மாமனார் குதித்தார். "அக்கினி மூலைச் சுவத்த இடிக்கவா? எத்தன தலைமுறைப் பொம்பளைக இந்தப் புகையில ஆக்கிப் போட்டிருக்காக!"

"அவுகள்லாம் இப்ப எங்க, மாமா?" என்றீர்கள். எனக்குக் கைதட்டத் தோன்றியது.

மறுநாள் பழைய அடுப்பு மாடத்தைக் கயிற்றால் அளந்து, முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டீர்கள். சோற்றுப்பானையும் ஒரு விறகும் என் இடுப்பிலும் கையிலும். டவுன் பஸ்ஸே நம்மைப் பார்த்துச் சிரித்தது. கடையில் ஒவ்வொரு அடுப்பிலும் பானையை ஏற்றி இறக்கினீர்கள்.

"ஏம்மா, அடுப்பு வாங்க வந்தியா, பொங்க வந்தியா?" என்றார் கடைக்காரர்.

"ஆக்கப்போறது நாங்கதான? சும்மா இரும்" என்று சொல்லி, வாய் அகன்ற அடுப்பைத் தேர்ந்தெடுத்தீர்கள். "நம்ம விறகு என்னிக்குத்தா நேரா இருந்துச்சு?"

கொத்தனார் மாமனாருக்குப் பயந்து அக்கினி மூலையைத் தொடாமல், குழாயை வளைத்து மேற்குச் சுவர் வழியாக வெளியே விட்டார். ஆடிக்காற்று அடித்ததும் புகை முழுக்க வீட்டுக்குள்ளேயே திரும்பியது. சாமி படங்கள் கறுத்தன. "பாத்தியா, புகைக்கே வெளிய போக இஷ்டமில்ல!" என்றார் மாமனார். கடப்பாரையை எடுத்து அக்கினி மூலையின் கிழக்குச் சுவரில் முதல் குத்தை நீங்களே குத்தினீர்கள். கொத்தனார் வாயைப் பிளந்தார். குழாய் அந்த வழியாகப் போனபிறகு பல வருஷம் இருமலின்றிப் படுத்துத் தூங்கினீர்கள்.

நீங்கள் போன அன்று துக்கத்துக்கு வந்த ஒருத்தி, அக்கினி மூலையை இடித்ததுதான் காவு வாங்கிவிட்டது என்று முணுமுணுத்தாள். "முன்னாடியே இடிச்சிருந்தா எங்க அக்கா இன்னும் இருந்திருப்பாக, எந்திரிச்சுப் போ" என்றேன். உங்கள் வாய் எனக்கு வந்துவிட்டது என்று உங்கள் கொழுந்தனார் புலம்புகிறார். வரட்டுமே!

போன வாரம் என் மகளுக்காகப் பாலவனத்தத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். நல்ல இடம், நல்ல பையன். நான் நேரே அடுப்படிக்குப் போனேன். ஒரே புகை. பையனின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே எங்களுக்கு விருந்து சமைத்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து எல்லார் முன்னாலும் சொன்னேன்: "எங்களுக்குச் சம்மதந்தான். ஆனா இன்னிக்கு இங்க கை நனைக்க மாட்டோம். புகைக்கு ஒரு வழி பண்ணுங்க, நானே வந்து திங்கிறேன்."

ஆம்பளைகள் முகம் செத்துப்போனது. பையனின் அம்மா மட்டும் தெருமுனை வரை கூடவே வந்தார்.

"இந்தச் சம்பந்தம் அமைஞ்சாலும் சரி, அமையாட்டியும் சரி, குழாய் வச்சிட்டுத்தான் மதினி அடுப்புப் பத்த வைப்பேன்" என்றார், இருமிக்கொண்டே.