டப்பாவுக்குள் ஒரு கிண்ணம்

உனக்கு,

சுகுபாவில் இந்தக் குளிர்காலம் உதடு வெடிக்கும் அளவுக்கு வறண்டு கிடக்கிறது. நீ போனதிலிருந்து நம் கோபால்ட் ஆக்சைடு ஒன்றுகூடத் தேறவில்லை. எவ்வளவு குளிர்வித்தாலும் மின்தடை மறைந்து மீகடத்தியாக மாறவில்லை. பேராசிரியர் மொரிவாகி எல்லார் முன்னாலும் கேட்டார்: "என்னய்யா, உன் பொண்டாட்டியோட சேர்ந்து படிகமும் கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சா?"

போன வாரம், நீ படிக மாதிரிகளைப் போட்டு வைக்கும் பழைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். மூலையில் சாக்கே மது குடிக்கும் ஒரு சின்னக் கிண்ணம், அதன் உள்ளே அடியில் நீர்க்கறை. படிகத்தின் அடுக்குகளுக்கு நடுவே நான் ஏற்றிய தண்ணீரை வறண்ட காற்று உறிஞ்சிவிடுகிறது; உன் கிண்ணத்து ஈரம்தான் அதைத் தடுத்திருக்கிறது. "அதுக்கும் தாகம் எடுக்கும்ங்க" என்று நீ சொன்னபோது சிரித்தேன். குறிப்பேட்டில் அதை எழுதவில்லை. வெளிவந்த கட்டுரையில் உன் பெயரையும் எழுதவில்லை.

கிண்ணத்தை நிரப்பி வைத்தேன். நேற்று மின்தடை மறைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், நான் கிண்ணத்தில் மறுபடி தண்ணீர் ஊற்றினேன்.

கட்டுரைக்குத் திருத்தம் அனுப்புகிறேன். முதல் பெயர் உன்னுடையது. அதற்கு நீ கையெழுத்திட வேண்டிய தாள் இதோடு இருக்கிறது.

கோடையில் நீ அனுப்பிய விவாகரத்துப் படிவமும் இருக்கிறது. அதில் என் பெயர் முத்திரையை வைத்துவிட்டேன். இனி உனக்குப் பிறந்த வீட்டுப் பெயர் திரும்பிவிடும். கட்டுரையில் எந்தக் குடும்பப் பெயரைப் போடட்டும்? அதை மட்டும் எழுது.

இப்படிக்கு,
உன் பெயரை விட்டுவிட்டவன்