ஆர்.கே.பேட்டைக்கு ஒரு கார்டு

1943 ஜூலை 4, ஞாயிறு

அன்னம்மாள் இன்றும் தேறவில்லை.

திருவிருந்தில் சேர வேண்டுமானால் விசுவாசப் பிரமாணமும் பத்துக் கட்டளையும் தப்பில்லாமல் ஒப்பிக்க வேண்டும். என் நைனாதான் திருத்தணிச் சபைக்கு உபதேசியார். ஒப்பிக்கக் கேட்டுப் பெயர் எழுதும் வேலையை என்னிடம் விட்டிருக்கிறார். மாதத்தின் முதல் ஞாயிறு அரக்கோணத்திலிருந்து வரும் பாதிரியார் என் பட்டியலைப் பார்த்துத்தான் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிறார். அன்னம்மாள் சந்தைத் தெருவைப் பெருக்குகிறவள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். ஞானஸ்நானம் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. நாலாவது முறையாகப் பொந்தியு பிலாத்து என்ற பெயரில் வந்து நின்றுவிட்டாள்.

“அந்தப் பேரு வாயில நொழையலம்மா. ஏசுவை அடிக்க வுட்டவன் தானே? அவன் பேரைச் சொல்லாங்காட்டி இன்னா?”

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன்.

“அடுத்த மாசமும் அவன் இருப்பானே டீச்சரம்மா” என்றாள்.

ஜூலை 12

பட்டணத்திலிருந்து புத்தகக் கட்டு வந்தது. பிளேக் பரவிய ஊரை விட்டுப் போக மறுத்த ஒரு துறவியின் சரித்திரம். இரண்டு இடத்தில் அழுதேன். இப்படிப் படிக்கும்போது எனக்கு எப்போதும் அழுகை வரும். அதைத்தான் பக்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறேனோ?

ஜூலை 25, ஞாயிறு

மணவூரில் ஒரு சாவு. நைனா போயிருக்கிறார். கிருத்திகைக்கு வரும் கூட்டத்தில் ரயிலேறித் திரும்ப வெள்ளிக்கிழமை ஆகிவிடும். கிருத்திகை வரை பள்ளிக்கூடத்துக்கும் விடுமுறை. சாவி என்னிடம். வார நாட்களில் பள்ளி, ஞாயிறன்று கோயில் - எங்களுக்கு இருப்பது அந்த ஒரு கட்டடம்தான்.

ஜூலை 27

ஆடிக் கிருத்திகை. விடியலிலிருந்து காவடி. மாலையில், நந்தியாற்றங்கரையில் வாந்திபேதி என்று பால்காரி சொல்லிப் போனாள். தண்ணீரை இரண்டு முறை காய்ச்சினேன்.

ஜூலை 28

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் நல்ல மழை. அன்னம்மாள் எங்கள் வீட்டு ஜன்னலருகே வந்து நின்றாள். முழுக்க நனைந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், பள்ளிக்கூடத்துக்கு எதிரே புளியமரத்தடியில், கிருத்திகைக்கு வந்து வாந்திபேதி கண்ட நாலு பேர் கிடந்தார்கள். சத்திரத்திலிருந்து விரட்டிவிட்டார்களாம். அன்னம்மாளும் அவள் புருஷன் முனியனும் தூக்கியும் நடத்தியும் கொண்டுவந்திருக்கிறார்கள்.

“பள்ளிக்கூடத்தைத் தொறங்கம்மா. மழை வுடற வரைக்கும்.”

குழந்தைகள் உட்காரும் தரை என்றேன். ஞாயிறு ஆராதனை இருக்கிறது என்றேன். மிஷனைக் கேட்க வேண்டும் என்றேன். எல்லாம் நிஜம்தான். எல்லாவற்றையும் மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு சொன்னேன்.

“சாவி உங்க கைல தானேம்மா கீது?”

“இருக்கிறது. உத்தரவு இல்லை.”

அவள் வாதாடவில்லை. “ஆங்” என்றாள். அவ்வளவுதான். முனியன்தான் மரத்தடியிலிருந்து அவளைப் பார்த்துக் கத்தினான்: “நம்ம சாமி வூடு, நம்ம சாமி வூடுன்னு இட்டுகினு வந்தியே, இப்போ இன்னா சொல்றே?”

ஜன்னலைச் சாத்தினேன். ஏன் சாத்தினேன்? மழைச் சாரல் உள்ளே அடித்தது, அதனால்.

இல்லை. அதனால் இல்லை.

ஜூலை 29

காலையில் போய்ப் பார்த்தேன். மரத்தடியில் யாருமில்லை. மூன்று பேரை வண்டியில் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்களாம். ஒரு பெண் இரவிலேயே இறந்துவிட்டாளாம்.

போய்ப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறேன். ஜன்னலிலிருந்துதான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 1, ஞாயிறு

திருவிருந்து. அன்னம்மாள் வரவில்லை.

ஆராதனை முடிந்ததும் கம்பவுண்டர் கோதண்டம், “தங்கச்சி கெட்டிக்காரி, கதவைத் தொறந்திருந்தா இன்னிக்கு நாம எல்லாம் இங்க உக்காந்திருப்பமா?” என்றார். பாதிரியாரும், விவேகமாக நடந்துகொண்டாய் என்றார். நைனா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் பாத்திரத்தில் வாய் வைத்தேன்.

ஆகஸ்ட் 3

அன்னம்மாள் வீட்டுக்குப் போனேன். இத்தனை நாளில் முதல் தடவை. நைனா பாதிரியாரிடம் பேசியிருந்தார். ஒப்பிக்காமலே அவளைச் சேர்த்துக்கொள்ளப் பாதிரியார் சம்மதித்துவிட்டார். அதைச் சொல்லத்தான் போனேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். என்ன புத்தி!

விளக்குமாற்றுக்கு ஈர்க்கு சீவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“வாணாம்மா. அந்தப் பொம்பளை நடக்க மாட்டேன்னுச்சு. இங்கியே வுட்று, சாவுறேன்னுச்சு. நான்தான், ‘எங்க சாமி வூட்ல தொறப்பாங்க, எந்திரி’ன்னு இட்டுகினு வந்தேன். கடைசி மூச்சு வரைக்கும், தொறந்துட்டாங்களா, தொறந்துட்டாங்களான்னு கேட்டுகினே இருந்துச்சு. என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்க. இனிமே அங்க வந்து இன்னாத்தம்மா ஒப்பிக்கிறது?”

எழுந்தேன். அவள் உள்ளே போய் ஒரு மஞ்சள் துணி மூட்டையைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள்.

“பேரு வள்ளியம்மா. ஆர்.கே.பேட்டை. புருஷன் பேரு ராஜகோபாலு, தறி நெய்யறவரு. கொழந்த வேணும்னு வேண்டிகினு, வூட்ல சொல்லாம வந்துட்ச்சாம். எனக்கு எழுதத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே, எழுதுங்க.”

ஆகஸ்ட் 4

மூன்று கார்டு கிழித்தேன். முதலில், ‘உடனிருந்தவர்கள் வேண்டியதெல்லாம் செய்தார்கள்’ என்று எழுதினேன். எவ்வளவு அழகாக வருகிறது எனக்கு! கடைசியில் எழுதி அனுப்பியது:

உங்கள் மனைவி வள்ளியம்மாள் சென்ற மாதம் 28ஆம் தேதி இரவு திருத்தணியில் வாந்திபேதி கண்டு இறந்தார். மழைக்கு ஒதுங்க இடம் கேட்டார்கள். பள்ளிக்கூடம் காலியாக இருந்தது. சாவி என்னிடம் இருந்தது. நான் திறக்கவில்லை.

கீழே என் பெயரும் விலாசமும்.

ஆகஸ்ட் 11

பதில் இல்லை. தபால்காரன் தெருவில் வந்தால் ஜன்னலருகே போய் நிற்கிறேன்.

ஆகஸ்ட் 19

ராஜகோபாலே வந்தார். முப்பது வயதிருக்கும். விரலெல்லாம் சாயக்கறை. மூட்டையைக் கொடுத்தேன். பிரித்துப் பார்க்காமல் அக்குளில் இடுக்கிக்கொண்டார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம்.

“அவ எவன்கூடவோ ஓடிட்டாள்னு தெருவே பேசிகினு கீதும்மா. எங்கம்மாவே அதான் சொல்லுது. கார்டைப் படிச்சுக் காட்னேன். மானத்தைக் காப்பாத்திக்க நானே யாரையோ புடிச்சு எழுத வெச்சுகினேன்னு சிரிக்கிறாங்க. நீங்க ஒருதரம் வந்து வாயால சொல்லணும்.”

வருகிறேன் என்றேன். வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“செத்துட்டாள்னு சொன்னா போதும்மா. கதவு சங்கதி வாணாம், அதை அங்க நான் படிச்சுக் காட்டல. பொம்பளப் புள்ள, உங்களுக்கு எதுக்குக் கெட்ட பேரு?”

ஆகஸ்ட் 21

நாளைக்குத்தான் பஸ் இருக்கிறது. “ஞாயிற்றுக்கிழமையா?” என்றார் நைனா. ஆமாம் என்றேன். ஒப்பிக்கக் கேட்கும் நோட்டை அவர் முன்னால் வைத்தேன். இனிமேல் என்னால் முடியாது என்றேன். நோட்டை வாங்கி வைத்துக்கொண்டார்.

அன்னம்மாளிடம் சொல்லப் போனேன், கூப்பிட அல்ல. அவளாகவே, “நானும் வரேன். அது மூஞ்சியை நான் தானே பாத்தேன், நீங்க எங்க பாத்தீங்க?” என்றாள்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

பெட்ரோல் தட்டுப்பாடு என்று கரிவாயுவில் ஓடும் பஸ். மூன்று இடத்தில் நின்று நின்று போனது.

நாங்கள் போனதும் தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. ராஜகோபாலின் தாயார் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பெண்கள். உங்கள் மருமகள் திருத்தணியில் இறந்துவிட்டார் என்றேன்.

“அதான் தெரியுமே, கார்டு போட்டியே” என்று யாரோ சிரித்தாள். “நீ எங்க கண்டே அவளை?”

ராஜகோபால் தரையைப் பார்த்தார். அவர் சொன்னபடி அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மீதியை அன்னம்மாள் பேசி நிரப்பியிருப்பாள்.

சொன்னேன். மழையை, மரத்தை, சாவியை, ஜன்னலைச் சாத்தியதை. உத்தரவு இல்லை என்று சொன்னதையும் சொன்னேன். “பயந்துட்டேன்மா, என் உயிருக்குப் பயந்துட்டேன்.” தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு ஒருத்தி பொய் சொல்ல மாட்டாள் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை.

“அப்போ ஓடலியாடா அவ?” என்று தாயார் மகனைக் கேட்டார். அப்புறம் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். இருபத்தைந்து நாளாக வர வேண்டிய அழுகை. ராஜகோபால் மூட்டையை அப்போதுதான் பிரித்தார். ஒரு சீப்பு, விபூதிப் பொட்டலம், சின்னதாக ஒரு மரத்தொட்டில்.

நாங்கள் கிளம்பும்போது ஒருத்தி வழியை மறித்தாள். “கதவைத் தொறக்கலன்னு சொல்ல இத்தினி தூரம் வந்தீங்களா? நீங்க எந்தச் சாமியைக் கும்புட்றவங்க?”

நான் எந்த உரிமையில் சொல்வேன்?

அன்னம்மாள்தான் சொன்னாள்: “நாங்க வேதக்காரங்கம்மா, ஏசுவைக் கும்புட்றவங்க.”

திரும்பும் பஸ்ஸில் அவள் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். ‘நாங்க’ என்று என்னையும் சேர்த்தா சொன்னாய் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.