பாட்டு முடியிற வரைக்கும்

அக்கா,

நேற்று இருமலுக்கு ஏதாவது வாங்கலாம் என்று பாளையங்கோட்டை மார்க்கெட்டில் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சித்தரத்தையை உடைத்துத் தாளில் மடித்தார். அந்தக் கார வாசனை எழுந்ததும் நீங்கள் பக்கத்தில் வந்து நிற்பது போலிருந்தது. மேடையேறும் முன் ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வீர்கள். கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கும் ஒன்று நீட்டுவீர்கள்.

"நான் பாடவா போறேன்?" என்பேன்.

"மூஞ்சியாவது தெளியும், வாத்தியாரே. எப்பப் பாத்தாலும் யார் மேலயோ கேஸ் போடப் போற மாதிரி உக்காந்திருக்கீரு."

உண்மைதான். கடைசிவரை வேலையை நிரந்தரமாக்காத கல்லூரியில் தொடங்கி, எனக்குக் கோபம் உள்ளவர்கள் பலர். நம் மெல்லிசைக் குழுவின் முதலாளி அண்ணாச்சிக்கு அதில் முதலிடம்.

ஒத்திகை நாட்களில் நமக்குள் ஒரே சண்டை: பாட்டுக்காரிகளில் யாரை ராணி என்பது. மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் குரலை எட்டவைத்தவர்களோடு அந்த இனம் முடிந்துவிட்டது என்பேன். சினிமாத் திரைக்குப் பின்னால் நின்று பாடியவர்களை நீங்கள் விட்டுக்கொடுக்க மாட்டீர்கள். முகம் தெரியாமலே வீடு வீடாக ஆண்டார்களே என்பீர்கள். ஒருநாள் உங்கள் கைபேசியில், நீலத் தலைமுடியோடு ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். தாளம் பிசகியதும் கையைத் தூக்கி எல்லா வாத்தியத்தையும் நிறுத்தினாள். முதலிலிருந்து வாசிக்கச் சொன்னாள். எதிரே அத்தனை கூட்டம் காத்திருந்தது. நான் முகம் சுளித்தேன்.

"இவ நம்ம ஆளு," என்றீர்கள். "பட்டுச்சேல, மூக்குத்தியெல்லாம் அப்புறம். பாட்டுக்கு ஒண்ணுன்னா எவனையும் பாக்க மாட்டா, பாரும்."

முக்கூடல் பக்கத்துக் கோயில் கொடை விழாவில் அது உங்கள் தலையிலேயே விடிந்தது. எத்தனை பாட்டுகளை நாம் பாதியில் கொன்றிருக்கிறோம். பெரிய மனிதர் யாராவது வந்தால் பாட்டை நிறுத்தி, பெயர் சொல்லி வரவேற்று, பொன்னாடை போர்த்தி, மறுபடி பல்லவியிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். அன்று நீங்கள் பழைய பாட்டொன்றின் சரணத்தில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தீர்கள். ஊர்ப் பிரமுகர் மேடைக்கு வந்தார். அண்ணாச்சி கையசைத்தார். தபேலா நின்றது. நீங்கள் நிற்கவில்லை. கண்ணை மூடியபடி பாடினீர்கள். நானும் விரல்களை எடுக்கவில்லை. பிரமுகர் கும்பிட்ட கையோடும் அண்ணாச்சி விரித்த பொன்னாடையோடும் பாட்டு முடியும்வரை நின்றார்கள்.

மேடைக்குப் பின்னால் அண்ணாச்சி கொதித்தார். "அவுக முன்னால என் மானத்த வாங்கிட்டியே. நீ என்ன பெரிய மகாராணியா?"

"பாட்டு முடியிற வரைக்கும் அப்படித்தான், அண்ணாச்சி. முடிஞ்ச பொறவு என்னையும் வேன்லதான ஏத்துவீய."

வேனில் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னீர்கள். "திரும்ப எடுக்கச் சொன்னா அவ்வளவு ஒசரம் என்னால போவ முடியாது, வாத்தியாரே. வயசாவுது. இன்னைக்குக் குரலு வந்துது. விட்டா போச்சு."

அடுத்த கச்சேரியில் உங்கள் இடத்தில் வேறொருத்தி நின்றாள். உங்களைக் கூப்பிடக் கூடாது என்று அண்ணாச்சி மற்ற குழுக்களுக்கும் சொல்லி வைத்துவிட்டார். நானும் விலகினேன். ஓர் ஆண் இதைச் செய்திருந்தால் வித்வான் செருக்கு என்று மெச்சியிருப்பார்கள். உங்களைப் பற்றி மட்டும் "பெரிய இவ" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். நீங்கள் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தீர்கள். ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழுவோடு, பத்தோடு பதினொன்றாகப் பாடினீர்கள். சாவதற்குள் இன்னும் ஒரு மேடையிலாவது ஒரு பாட்டை முழுசாகப் பாடிவிட வேண்டும் என்று ஒருமுறை, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னீர்கள்.

சில வருடங்கள் கழித்து, தன் மகளின் கல்யாண வரவேற்பில் பாடச் சொல்லி அண்ணாச்சி உங்கள் வீட்டுக்கே வந்தார். அந்தப் பெண் உங்கள் குரல்தான் வேண்டும் என்றாளாம். நீங்கள் சம்மதித்தது எனக்குப் பொறுக்கவில்லை.

"வெக்கமா இல்லையாக்கா?"

"நடுவுல எவன் வந்தாலும் நிறுத்தப்படாதுன்னு சொல்லிட்டேன். சரின்னுட்டாரு. நீரு வாசிக்க வாரீரா, இல்ல மூஞ்சியத் தூக்கிட்டு வீட்டுலயே இருக்கீரா?"

வந்தேன். அவர் வாக்குத் தவறுவதைக் கண்ணால் பார்க்கவே வந்தேன்.

அதே பழைய பாட்டு, அதே சரணம். மண்டப வாசலில் பரபரப்பு. மாப்பிள்ளையின் தாய்மாமன் குடும்பத்தோடு வந்து இறங்கியிருந்தார். பெண்ணைப் பெற்றவன் ஓடிப்போய் அழைத்து வர வேண்டிய ஆள். அண்ணாச்சி ஓடினார். ஓடி, வாசலை மறித்து நின்று கை கூப்பினார். மேடையைக் காட்டி ஏதோ சொன்னார். தாய்மாமனின் முகம் கறுத்தது. அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். வழி மட்டும் விடவில்லை. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு உச்சிக்குப் போய், பைய இறங்கி, முடித்தீர்கள். அதன் பிறகுதான் அவர்கள் உள்ளே வந்தார்கள்.

திரும்பும்போது ஆட்டோவில் இதைச் சொன்னேன்.

"எந்த இடத்துல வந்தாவ?"

"மேல போன இடத்துல."

"அங்கன நான் ரொம்ப இழுத்துட்டேன். கொஞ்சம் முன்னாலயே இறங்கியிருக்கலாம். பாவம், அண்ணாச்சி."

உங்கள் அடக்கத்தன்று அவர் கல்லறைத் தோட்டத்தில் ஓரமாக நின்றிருந்தார். நான் பார்க்காதது போல் கடந்து போனேன். இப்போது சில நாள் ஜங்ஷனில் எதிரே வருகிறார், கைத்தடியோடு. நீங்கள் பாடாமல் போன வருடங்களை நான் மன்னிக்கவில்லை, அக்கா. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடத்தான் வாயைத் திறக்கிறேன். சம்பந்தி வீட்டார் முன்னால் கூப்பிய அந்தக் கைகள் குறுக்கே வந்துவிடுகின்றன. "சௌக்கியமா, அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டுவிட்டு நடக்கிறேன்.