மூன்று கயிறா, ஏழு கயிறா

ஹிஜ்ரி 231, ஷஅபான் 2

இன்றும் ஒருவர் ஒடிந்த கையோடு வாசலில் வந்து நின்றார். எலும்பு கட்டுபவர் வீடு அடுத்த சந்து என்று அனுப்பிவைத்தேன். அவர் தொழிலுக்கும் என் கணக்குக்கும் ஒரே பெயர், ஜப்ர். ஒடிந்ததைச் சேர்த்து நேராக்குவது.

"நீங்களே ஒரு கட்டுப் போட்டு அனுப்பியிருந்தா ரெண்டு கோழியாவது கெடச்சிருக்கும்" என்கிறாள் ருமைஸா. என் மனைவிக்குக் கணக்கின் மேல் உள்ள மரியாதை அவ்வளவுதான்.

நாளை காஜியார் முன் ஒரு நில வழக்கு. கணக்கு பார்க்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார். பாகப்பிரிவினைக் கணக்கர் பதவி காலி. நாளை ஒழுங்காகச் செய்தால் அது எனக்குத்தான்.

ஷஅபான் 3

வென்றேன்! முழுதாக எழுதிவைக்க வேண்டும்.

கால்வாய் ஓரமாக ஒரு பேரீச்சந்தோட்டம். கால்வாய்க் கரையோடு நீளம், அளவுக் கயிற்றால் பத்துக் கயிறு. அதில் ஒரு முனையைச் சதுரமாக வெட்டி மகள் ஆத்திகாவுக்கும், மீதி இருபத்தொரு ஜரீப்பை மகனுக்கும் எழுதிவைத்துவிட்டுத் தகப்பன் போய்ச் சேர்ந்தார். (ஒரு கயிறு நீளம், ஒரு கயிறு அகலம் உள்ள சதுரம் ஒரு ஜரீப்.) தோட்டத்தின் அகலம் எவ்வளவு என்ற எண்ணைப் போன வருட வெள்ளம் பத்திரத்திலிருந்து கரைத்துவிட்டது. எல்லைக்கல்லெல்லாம் வண்டலுக்குள். பின்பக்கத்து நிலக்காரர் முஸ்அப், "மூணு கயித்துக்கு அப்பால என் நெலம்" என்கிறார். ஆத்திகா ஏழு என்கிறாள். அண்ணன்காரன், "எனக்கு இருபத்தொண்ணு வந்தாப் போதும்" என்று பஸ்ராவுக்குப் போய்விட்டான்.

அகலத்துக்கு 'வேர்' என்று பெயர் வைத்தேன். தோட்டம் முழுவதும் பத்து வேர். சதுரத்தோடு இருபத்தொன்றைச் சேர்த்தாலும் அதே பத்து வேர். வேர்களைப் பாதியாக்கு, ஐந்து. அதை அதனாலேயே பெருக்கு, இருபத்தைந்து. இருபத்தொன்றைக் கழி, நான்கு. அதன் வேர் இரண்டு. ஐந்தில் இரண்டு போக மூன்று!

சரிபார்த்தும் காட்டினேன். தோட்டம் முப்பது, சதுரம் ஒன்பது, மீதி இருபத்தொன்று. முஸ்அப் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"கணக்கரே, நெலத்தப் பாத்தீங்களா?" என்று ஆத்திகா கேட்டாள்.

"எதுக்கும்மா? செருப்புல சேறு படாம எல்லை சொல்றதுக்குத்தானே இந்தக் கணக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

தீர்ப்புக்கு முத்திரை ஆறாம் தேதி.

ஷஅபான் 4

புதுச் செருப்பு வாங்கினேன். ருமைஸா கறியும் கோதுமையும் குழைத்து ஹரீசா செய்தாள், நெய் தாராளம்.

ஷஅபான் 5

காலையில் ஆத்திகா வீட்டுக்கே வந்துவிட்டாள். "நாப்பது ஜரீப்ப ஒரே மூச்சுல முழுங்கிட்டீங்களே! என் பங்குக்கும் அண்ணன் பங்குக்கும் நடுவுல, கரையில தண்ணிச் சக்கரம் இருந்துச்சு, அதையாவது போய்ப் பாருங்க." நான் கணக்கையே திரும்பத் திரும்பச் சொன்னேன். ருமைஸா அவளுக்கு ரொட்டியும் தயிரும் வைத்தாள். எனக்கு வைக்கவில்லை.

மனசு சரியில்லாமல் சர்ஜிஸிடம் போனேன். என் நண்பன், வடிவியல்காரன். படம் இல்லாத கணக்கை அவன் கணக்கென்றே ஒத்துக்கொள்ள மாட்டான். புகழ்வான் என்று நினைத்தேன். மணலில் என் தோட்டத்தை வரைந்தான், அழித்தான், பிறகு அகலமாக ஒன்று வரைந்தான்.

"லைஸ், இதுவும் ஒத்து வருதேடா."

ஏழு. தோட்டம் எழுபது, சதுரம் நாற்பத்தொன்பது, மீதி அதே இருபத்தொன்று.

ஜப்ர் நூலிலேயே இருக்கிறது: இந்த ஒரு வகையில் மட்டும் கழித்தும் பார், கூட்டியும் பார் என்று. எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்! கழித்தேன், விடை வந்தது, கடையைச் சாத்திவிட்டேன். ஐந்தோடு இரண்டைக் கூட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

யாருக்கும் தெரியாது. சர்ஜிஸ் கிண்டல் பண்ணுவான், காட்டிக்கொடுக்க மாட்டான். வாயை மூடிக்கிட்டு இருந்தா பதவி எனக்கு. நெலம் முஸ்அப்புக்கு. அந்தப் பொம்பளைக்கு? ஒன்பது ஜரீப். — சே, என்ன மனுஷன் நான்.

ஷஅபான் 6

போய்ச் சொல்லிவிட்டேன்.

"இப்ப ஏழுன்னு சொல்றியா?" என்றார் காஜியார்.

"ரெண்டும் சரிதான் ஐயா."

"ரெண்டும் சரின்னா உன் கணக்க வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"அன்னிக்கு மூணு, இன்னிக்கு ஏழு. நாளைக்கு வந்தா பதினொண்ணு சொல்வாரு" என்றார் முஸ்அப். சபை குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவேதான் தண்ணீர்ச் சக்கரம் நினைவுக்கு வந்தது. அவள் பங்கு சதுரம்! கரையோடு அவள் நிலம் எவ்வளவு ஓடுகிறதோ, அதுதான் தோட்டத்தின் அகலம். அவள் பக்கத்து முனையிலிருந்து சக்கரம் வரை அளந்தால் போதும் என்று சொன்னேன்.

"நீ ஒடிச்சத நீயே கட்டு" என்று காஜியார் எழுந்தார். எல்லோரும் கிளம்பினோம்.

சக்கரத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. முழங்கால் அளவு சேறு. கயிற்றின் ஒரு முனையை முஸ்அப்பின் ஆளும் மறுமுனையை நானும் பிடித்து அளந்தோம். மூன்றாம் கயிறு முடிந்த இடத்தில் துழாவினேன், வெறும் சேறு. முஸ்அப் முகம் சுருங்கியது. நான்கு, ஐந்து, ஆறிலும் ஒன்றுமில்லை. காஜியார் தாடியைத் தடவ ஆரம்பித்தார். ஏழாம் கயிறு முடியும் இடத்தில் என் கால் விரல் நங்கென்று எதிலோ இடித்தது. செங்கல். கையால் தோண்டினேன், சக்கரத்தின் அடிக்கட்டு முழுதாக இருந்தது.

வலியில் கத்தினேனா சந்தோஷத்தில் கத்தினேனா, தெரியவில்லை.

ஆத்திகா நன்றியெல்லாம் சொல்லவில்லை. "இத அன்னிக்கே பாத்திருக்கலாம்ல?" என்றாள். புதுச் செருப்பில் ஒன்று சேற்றோடு போயிற்று.

ஷஅபான் 7

விரல் வீங்கியிருக்கிறது. எலும்பு கட்டுபவர் வீட்டுக்குப் போனேன். ருமைஸா சிரித்துச் சிரித்து ஓய்ந்துவிட்டாள்.

ஷவ்வால் 9

ஊரெல்லாம் என்னை 'மூணு-ஏழு' என்று கூப்பிடுகிறது. பதவி போனதென்றே இருந்தேன். இன்று காஜியாரின் ஆள் வந்தான். நியமன ஓலையோடு ஒரு சுருள் அளவுக் கயிறும் கொடுத்தான். கூடவே முதல் வழக்கு, ஓர் எள்ளு வயல்.

கழித்துப் பார்த்தேன், ஆறு வந்தது. கூட்டியும் பார்த்தேன், வயலையே தாண்டிப்போனது, ஒத்து வரவில்லை. விடை ஒன்றுதான், சந்தேகமே இல்லை. பழைய செருப்பு எங்கே என்று ருமைஸாவிடம் கேட்டேன். கயிற்றின் மேலேயே எடுத்து வைத்திருக்கிறாள்.