நம் தெருப் பெண்கள் பூத்

புதுக்குளம்,
4.12.1988

அன்புள்ள அத்தானுக்கு மலையம்மாள் எழுதுவது. இங்கே நானும் பிள்ளைகளும் சுகம். மெட்ராஸ் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? எம்.எல்.ஏ. சீட்டுக் கேட்டுக் கட்சி ஆபீஸ் வாசலில் நிற்கிற அலைச்சலில் மாத்திரையை மறந்துவிடாதீர்கள்.

போன ஒன்றியத் தலைவர் தேர்தலில் எந்தப் பூத்தில் நமக்கு எவ்வளவு விழுந்தது என்று பார்த்து எழுதச் சொன்னீர்களே, அந்தத் தாள்களைப் பரப்பிக்கொண்டு மூன்று நாளாக உட்கார்ந்திருந்தேன். பதினேழு ஓட்டில் தோற்றோம். மலையடி ஊர்க்காரர்களைத் திருப்பிவிட்டது உங்கள் கூட்டாளி பேச்சிமுத்து அண்ணன்தான் என்று அவரோடு பேச்சையே விட்டீர்கள். அத்தான், அவர் ஊரில் விழுந்த ஐந்நூற்று இருபதில் நமக்கு நானூற்று முப்பத்தொன்று. வேறெந்த ஊரும் அவ்வளவு தரவில்லை.

கவிழ்த்தது நம் தெருப் பெண்கள் பூத். முந்நூற்றுப் பன்னிரண்டில் நமக்கு எழுபத்துநாலுதான். நம்ப முடியாமல் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எதிர்வீட்டுக் கருத்தம்மாள் மதினிதான் மாவாட்டிக்கொண்டே சொன்னாள்: "ஒன் வீட்டுக்காரரு மலை வரைக்கும் நடந்து போயி ஓட்டுக் கேட்டாக. எம்மக பிரசவத்துல செத்துக் கெடந்தப்ப இங்கன எட்டிப் பாக்கலியே ஆத்தா."

அன்றைக்கு நான் ஆள் அனுப்பினேன். ஓட்டு முடியட்டும், அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டீர்கள். அப்புறம் தோற்ற வருத்தம். போகவே இல்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். அந்த எழுபத்துநாலில் என் ஓட்டு இல்லை. ஓட்டுக்கு மூன்று நாள் முந்தி அந்தப் பெண்ணைக் குளிப்பாட்டிய கை, அத்தான். முத்திரையை எங்கேயும் குத்தாமல் சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டேன். நீங்கள் தோற்று வந்து சுருண்டு படுத்தபோது பக்கத்திலேயே இருந்தேன். சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

பிரச்சாரத்தை எங்கே தொடங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். கொடி, மைக் எதுவும் இல்லாமல் நீங்கள் மட்டும் மதினி வீட்டுக்குப் போங்கள். ஓட்டுப் பேச்சே வேண்டாம். பேச்சிமுத்து அண்ணனுக்கு மெட்ராஸிலிருந்தே ஒரு கார்டு போடுங்கள். சீட்டுக் கிடைத்தால் தெருத்தெருவாக நானும் உங்களோடு வருவேன்.

கிடைக்காவிட்டாலும் வாருங்கள். என்மேல் கோபமென்றால் நேரில் வந்து திட்டுங்கள். எந்த பஸ்ஸில் வருகிறீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும். சின்னமனூரில் இறங்கும்போது நான் நிற்பேன்.

உங்கள்
மலையம்மாள்