பின்பற்றியதாக நான் எழுதிய தீர்ப்புகள்

செவ்வாய்க்கிழமை காலை, நோத்ர-டாம்-த-கிரேஸில் நாம் இருந்த பழைய வீட்டு வாசலில் குப்பைப் பைகள் வெயிலில் ஊறிக் கிடந்தன. ஒன்றை அணில் கிழித்திருந்தது. அந்த நாற்றத்தில் உன்னை நினைத்தவன் மொன்றியலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சட்டத்தில் ஆய்வு செய்த மூன்று வருடமும் நீ எனக்குக் குப்பையைப் பற்றித்தானே விளக்கினாய். தெருவோரம் வைத்த பையைப் பொலிஸ் நீதிமன்ற ஆணை இல்லாமலே கிளறலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. நியூ ஜேர்சி மாநில உச்ச நீதிமன்றமோ தன் மாநில அரசியலமைப்பைக் கையில் எடுத்து, கிளறக் கூடாது என்றது. சோதனையிடுவது பற்றிய பிரிவு இரண்டு அரசியலமைப்பிலும் கிட்டத்தட்ட ஒரே சொற்கள். எனக்கு எரிச்சல் வந்தது. ஒரே உள்ளீட்டுக்கு இரண்டு விடை வந்தால், புரோகிராம் எழுதும் என் தொழிலில் அதைப் பிழை என்போம் என்றேன். நீ சோற்றுக் கோப்பையை மடியில் வைத்தபடி சிரித்தாய்.

"மச்சான், அது மேல்கோர்ட்டின்ரை கொப்பி இல்லை. அந்த மாநிலத்துச் சனம் தங்களுக்கெண்டு எழுதினது. அதை வாசிக்கிற பொறுப்பு அவையின்ரை கோர்ட்டுக்குத்தான்."

அப்படியானால் வேறு சொல்லில் எழுதியிருக்கலாமே என்று கேட்டேன்.

"நீயும் உன்ரை அப்பாவும் ஒரே செபத்தைத்தான் சொல்லுறியள். ரெண்டு பேரும் ஒண்டையோ கேக்கிறியள்?"

உன் ஆய்வேடு முழுவதும் இந்தக் கேள்விதான்: மாநில நீதிமன்றங்கள் எப்போது மேலே சொன்னதை அப்படியே பின்பற்றுகின்றன, எப்போது தங்கள் அரசியலமைப்பைத் தாங்களே வாசிக்கின்றன? நூற்றுக்கணக்கான தீர்ப்புகளை அட்டவணையாக்கும் புரோகிராமை நான் எழுதித் தந்தேன். உன்னை நம்பி விட முடியாது. 'கடைசி', 'உண்மையான கடைசி' என்று கோப்புக்குப் பெயர் வைக்கிற ஆள் நீ.

அட்டவணையின் மொத்தக் கணக்கைப் பார்த்ததும் உன் முகம் விழுந்துவிட்டது. ஒரே சொற்கள் உள்ள மாநிலங்கள் எல்லாம் பின்பற்றியதாகவே அதில் இருந்தது. "இத்தினை கோர்ட்டும் மேலை சொன்னதைத்தான் சொன்னதோ? நான் வாசிச்சது அப்பிடி இல்லையே" என்றாய். உனக்குப் பிடித்த நாலு தீர்ப்பை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறாய், தரவுக்கு அந்த வியாதி இல்லை என்றேன். நீ வாதாடவில்லை. மூன்றாம் அத்தியாயத்தைத் திருப்பி எழுதினாய். நியூ ஜேர்சியைக் கணக்கில் விடுபட்ட விதிவிலக்கு என்று அடிக்குறிப்பில் தள்ளினாய். தை மாதம் மெற்றோ ரயில் நிலையப் படிக்கட்டில் உன் இதயம் நின்றுபோனது.

செவ்வாய்க்கிழமை, அந்த நாற்றத்தின் உபயத்தில், வேலைக்குப் போனதும் அட்டவணையைத் திறந்தேன். நியூ ஜேர்சியின் குப்பைத் தீர்ப்பைத் தேடினேன். அதற்கு நேரே இருந்த கட்டத்தில்: 'பின்பற்றியது'.

காரணத்தைக் கண்டுபிடிக்க அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. நேரத்தை மிச்சம் பிடிக்க, ஒரே சொற்கள் உள்ள பிரிவுகளை ஒன்றாகச் சேர்த்து, முதலாவது தீர்ப்பின் விடையையே எல்லாவற்றுக்கும் நிரப்பச் சொல்லியிருந்தேன். முதலாவது எப்போதும் அமெரிக்க உச்ச நீதிமன்றம். மற்றத் தீர்ப்புகளை என் புரோகிராம் வாசிக்கவே இல்லை.

நீ ஏன்டா ஒரு கட்டத்தைக்கூடச் சரிபார்க்கவில்லை? ஒவ்வொரு நீதிபதியையும் சந்தேகப்பட்ட உனக்கு, என்னைச் சந்தேகப்பட என்ன கேடு?

வெள்ளிக்கிழமை உன் பேராசிரியர் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்திடம் கையளிப்பதாக இருந்தது. நீ இல்லாவிட்டாலும் பட்டம் உனக்கு வரும். பேசாமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. வேலை முடிந்த கையோடு டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் உன் அக்கா வீட்டுக்குப் போனேன். பட்டமளிப்புக்கு ஆட்களைக் கூப்பிட்டு முடித்திருந்தா. குப்பைப் பையில் தொடங்கி, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அவன் முதல் எழுதினதுதான் சரியோ, தம்பி?"

ஓம் என்றேன்.

"அதைப் பிழையெண்டு நினைச்சுக்கொண்டே செத்துப் போனானோ?"

அதற்கும் ஓம்தான் சொல்ல வேண்டியிருந்தது. அக்கா எழுந்து போய் அடுப்பை நிறுத்திவிட்டு வந்தா. பேந்து சொன்னா: "அவன்ரை பேரிலை பிழை போகக் கூடாது. உன்ரை பேரைப் போட்டு எழுது."

பேராசிரியர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். உன் முடிவுரையில் இனி யாரும் கைவைக்க முடியாது என்றார். அட்டவணையைத் திருத்தலாம், மூன்றாம் அத்தியாயத்துக்கு நீ முதலில் எழுதிய வரைவைப் பின்னிணைப்பாகச் சேர்த்து, முன்னால் ஒரு குறிப்பும் வைக்கலாம். அதனால் பட்டம் இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப்போய்விட்டது. குறிப்பை நான் எழுதிக் கையெழுத்து வைத்தேன். 'பிழை என்னுடையது, வாதம் அவனுடையது' என்று. அதற்கு மேல் எழுத எனக்கு வராது.

இப்போது அந்தத் தீர்ப்புகளை ஒவ்வொன்றாக மெற்றோவில் வாசித்துத் திருத்துகிறேன். சட்டத்தமிழும் தெரியாது, சட்ட ஆங்கிலமும் தெரியாது. நீ இருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும் விஷயத்துக்கு எனக்கு மூன்று தரிப்பிடம் போகிறது. நேற்று வாசித்த தீர்ப்பில் ஒரு மாநில நீதிமன்றம் உண்மையாகவே பின்பற்றியிருந்தது. சொற்கள் ஒன்று, ஆகவே விடையும் ஒன்று என்று ஒரே பந்தியில் முடித்துவிட்டார்கள். தங்கள் சனம் எழுதியதைத் தாங்களே வாசிக்கப் பஞ்சிப்பட்ட சோம்பேறிகள் என்று வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டாள்.

என் புரோகிராமும் அதைத்தானே செய்தது என்று அடுத்த தரிப்பிடத்தில்தான் உறைத்தது. அந்தத் தீர்ப்பை முதல் வரியிலிருந்து திரும்ப வாசித்தேன்.